விதுராவில் உறையாத எண்ணெய்

2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை காலை, மலையடிவார ஊரான விதுராவின் சந்தைமுக்கில் ஜிஜியின் பலசரக்குக் கடையில் மூன்று மில்களின் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்திருந்தது. நான்காவது மில்லின் எண்ணெய் உறையவில்லை.

அந்த நான்காவது மில் திருவனந்தபுரம் நகரத்துக்குள், கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. பெருமாள் ஆயில் மில். கீழே முன்பக்கம் எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லரும் கொப்பரைச் சாக்குகளும், பின்பக்கம் எண்ணெய் வடிகட்டிப் பாட்டிலில் நிரப்பும் அறை. மாடியில் வீடு. நடத்துபவர் பகவதிப்பெருமாள், குமரி மாவட்டம் தோவாளைப் பக்கத்துக்காரர். கல்யாணமான புதிதில் மனைவி முத்தாரம்மாளோடு இங்கே வந்தவர். பிள்ளைகள் இரண்டும் இங்கே பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள்.

போன ஓணம் வரைக்கும் மில்லில் சில்லறை விற்பனை மட்டும்தான். ஆட்கள் தூக்குப்பாத்திரமோ கேனோ கொண்டுவந்து வாங்கிப்போவார்கள். ஓணத்துக்குப் பிறகு பாட்டில் வந்தது. யோசனை மகள் ஸ்ரீலட்சுமியுடையது. கிழக்கேகோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். லேபிளும் அவள் போட்டதுதான். கொப்பரை வாங்குவது, புதிதாக வாங்கிய ஃபில்டரில் எண்ணெயை விடுவது, நிரப்பி மூடி அடிப்பது எல்லாம் அவளுக்கு இளையவன் ஆதர்ஷின் பொறுப்பு. மலைப்பக்கம் அவர்களுக்குக் கிடைத்த முதல் கடை ஜிஜியுடையது.

மார்கழி பிறந்தால் தேங்காய் எண்ணெய் உறைய வேண்டும். திருவனந்தபுரம் ஜில்லாவில் குளிர்காலம் என்பதற்கு மக்கள் கையில் இருக்கும் ஒரே அடையாளம் அதுதான். கம்பளியோ ஸ்வெட்டரோ தேவைப்படாத ஊர். காலையில் குளியலறை மாடத்தில் எண்ணெய்க் குப்பி வெளுத்திருந்தால் குளிர் வந்துவிட்டது. குப்பியை அடுப்புப் பக்கம் வைத்து இளக்கித் தலைக்குத் தேய்ப்பார்கள். எல்லார் எண்ணெயும் உறைந்து ஒருத்தர் எண்ணெய் மட்டும் உறையாவிட்டால் அதில் பாமாயில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். தேங்காய் விலை ஏறிக்கிடந்த அந்த வருஷத்தில் அப்படி நினைப்பதற்கு நியாயமும் இருந்தது.

ஜிஜி போன் செய்தபோது பகவதிப்பெருமாள் பிண்ணாக்கு அள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நான் உள்ள காரியத்தெ அப்படியே சொல்றேன், வெஷமிக்காண்டாம், வருத்தப்படாதீங்க," என்றாள் ஜிஜி. போணக்காட்டு எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அம்மா வழித் தமிழும் ஊர் மலையாளமும் கலந்த பேச்சு. "உங்க எண்ணெ மட்டும் தண்ணி போல கெடக்கு. காலையிலெ ரெண்டு பேரு பாத்தாச்சு. ஒருத்தன் போட்டோ எடுத்து உத்ஸவக் கமிட்டி குரூப்பிலெயும் போட்டாச்சு."

"எந்தக் கமிட்டி?"

"நம்ம அம்பலக் கமிட்டி, கோயில்காரங்க. அன்னதானத்துக்கு எண்ணெ நம்ம கடெயிலேர்ந்து எடுக்கட்டும்னு நான்தானே சொல்லி வெச்சேன். இந்த ஞாயிறில்லெ, அடுத்த ஞாயிறு மீட்டிங். அதுக்குள்ளெ அவங்க கண்ணு முன்னாடி ஒறையணும். இல்லேன்னா உங்க பாட்டிலெ நான் திரும்பக் கொடுத்துருவேன். எனக்கும் கடெ நடத்தணும் அல்லே."

"சரக்கு சுத்தமாக்கும் ஜிஜி."

"நான் இல்லேன்னு சொன்னேனா? எண்ணெ சொல்லுது."

அன்று ராத்திரிச் சாப்பாடு கஞ்சியும் பயறும். முத்தாரம்மாள் அன்றைக்கு ஆட்டிய எண்ணெயிலேயே பப்படம் பொரித்து வைத்திருந்தாள். பகவதிப்பெருமாள் ஒரு பப்படத்தை எடுத்து முகர்ந்தார். பிறகு ஒடித்து முகர்ந்தார்.

"தின்னத்தான் பொரிச்சிருக்கு," என்றாள் முத்தாரம்மாள்.

"மோந்தா என்ன, தேஞ்சு போவுமா?"

"கலப்பு எண்ணென்னா சட்டியில ஊத்தின ஒடனே எனக்குத் தெரியும். நுரை வேற மாதிரி இருக்கும்."

"ஒனக்குத் தெரிஞ்சு என்னத்துக்கு? விதுராக்காரனுக்குல்லா தெரியணும்." மகனைப் பார்க்காமல் கேட்டார். "காங்கேயத்துக் கொப்பரை எல்லாம் ஒரே மண்டியிலயா எடுத்தே?"

"அதே," என்றான் ஆதர்ஷ்.

"வழியில வேற எங்கயும்?"

"வழியில சாயா குடிச்சேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சொன்னேன்லா. சாயாயும் ஒரு வடையும்."

ஸ்ரீலட்சுமி இடையில் புகுந்தாள். "அப்பா, ஃப்ரிட்ஜ்ல வெச்சு வீடியோ எடுத்து அனுப்புவோமா?"

"நான் அதெ அப்பமே கேட்டாச்சு. ஃப்ரிட்ஜிலெ வெச்சா பாமாயிலும் கட்டியாவும்ங்கா ஜிஜி. செரிதானே?"

சரிதான். ஃப்ரிட்ஜின் குளிரில் இரண்டு எண்ணெயும் உறையும். பொன்முடி மலை உச்சிக்குக் கொண்டுபோனாலும் அதே கதைதான். கலப்படத்தைப் பிரித்துக் காட்டுவது இரண்டுக்கும் நடுவிலுள்ள குளிர். தேங்காய் எண்ணெயை உறைய வைத்து, பாமாயிலை விட்டுவிடும் குளிர். விதுராவில் ஜனவரியில் விடிகாலை அந்த அளவில்தான் இருக்கும். பரிசோதனைக்கூடத்தில் கொடுக்கலாம். ரிப்போர்ட் வருவதற்குள் உத்ஸவம் கொடியேறிவிடும்.

மறுநாள் காலை ஆதர்ஷ் கீழே இறங்கியபோது நிரப்பும் அறை பூட்டியிருந்தது. சாவி அப்பாவின் இடுப்பில் இருந்தது. திறந்துவிட்டு, அவன் வேலை முடிக்கும்வரை வாசலில் நின்று, பிறகு பூட்டினார். மாடியிலிருந்து பார்த்த முத்தாரம்மாள், "பூட்டுக்கு எண்ணெ போடணுமா, கிறீச்சுங்குது," என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் குளிரை எதிர்பார்த்தார்கள். குளிர் வரவில்லை. இலங்கைக்குத் தெற்கே கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, நகராமல் நின்றது. மேகம் திருவனந்தபுரத்தின் மேல் வந்து மூடிக்கொண்டது. டிவியில் எல்லோ அலர்ட் என்றார்கள். ஜனவரியில் மழையா என்று சாலைக் கடைவீதியில் ஆட்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பெரிய மழை ஒன்றும் இல்லை, தூறல்தான். ஆனால் ராத்திரி வேர்த்தது.

"வெயிலே இல்ல, பின்ன எப்படி ராத்திரி சுடுது?" என்று முத்தாரம்மாள் விசிறிக்கொண்டே கேட்டாள்.

"மேகம் போர்வெ மாதிரிம்மா," என்றாள் ஸ்ரீலட்சுமி, போனைப் பார்த்தபடி. "பகல்ல தரை வாங்குன சூடு ராத்திரி மேல போகணும். மேகம் விட மாட்டேங்குது. வானம் தெளிஞ்சாத்தான் குளிரும்."

"எப்பம் தெளியுமாம்?"

"வியாழன்னு போட்டிருக்கு. நேத்து புதன்னு போட்டிருந்தான்."

"நாளைக்கு வெள்ளின்னு போடுவான்," என்றான் ஆதர்ஷ்.

அவளுக்கு அது பழக்கமாகிவிட்டது. பஸ்ஸில், ஆபீசில், சோறு தின்னும்போது, போனில் விதுரா என்று போட்டுப் பார்ப்பாள். ஒரு ஆப்பில் இருபத்திரண்டு, இன்னொன்றில் இருபத்துநான்கு. வானிலை நிலையத்தின் அறிக்கையில் விதுராவே இல்லை. திருவனந்தபுரம் நகரமும் விமான நிலையமும்தான். விமான நிலையம் கடல்கரையில் இருக்கிறது.

"அந்தப் போனுக்கு விதுராவிலெ யாரு போய் அளந்து சொல்லுகா?" என்று பகவதிப்பெருமாள் கேட்டார்.

"யாரும் அளக்கல. சுத்துவட்டத்தெ வெச்சுக் கணக்காக்குகான்."

"அப்பம் அவனுக்கும் தெரியாது."

"அவனுக்குக் கொஞ்சம் தெரியும். நமக்கு ஒண்ணும் தெரியாது. அவ்ளதான் வித்தியாசம்."

இந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. அன்று மாலை அவரே அவளிடம் வந்து, காற்று எந்தப் பக்கமிருந்து என்று போன் சொல்லுமா என்று கேட்டார். சொல்லும் என்றாள். கிழக்கேயிருந்து, வலுவாக, என்று காட்டினாள். அவர் முகம் தெளிந்தது.

"அப்பம் நாளெக்கிப் போவோம். ஆரல்வாய்மொழிக் காத்தாக்கும் அது. எங்க ஊர்ல அந்தக் காத்து அடிச்சா, எருமெமாடு கூட வெளிய எறங்காது. காத்து அடிச்சாக் குளிரும்."

"காத்து அடிச்சா நமக்குத்தான் குளிரும்பா. எண்ணெய்க்கு..."

"நீ பேசாம இரி. நான் காத்துக்குள்ள பொறந்து வளந்தவன்."

சரக்கு ஏற்றும் பிக்கப்பில் அவரும் டிரைவர் செல்வினும் மட்டும் மறுநாள் விடிகாலை போனார்கள். செல்வின் மார்த்தாண்டத்துக்காரன், மில்லுக்கு வாரத்தில் மூன்று நாள் ஓட்டுகிறவன். நெடுமங்காடு தாண்டியதும் காற்று வண்டியைப் பிடித்து ஆட்டியது. ரப்பர்த் தோட்டங்களில் இலை சுழன்றது. பகவதிப்பெருமாள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "பாத்தியா குளிரை," என்றார். ஜிஜி கடையில் அன்று நான்கு மில்களின் எண்ணெயும் தண்ணீராக இருந்தது. ஒருவர் எண்ணெயும் உறையவில்லை.

"அண்ணாச்சி கொண்டுபோன காத்துல ஒறஞ்சதும் எளகிப் போச்சு," என்றான் செல்வின், திரும்பி வந்து முத்தாரம்மாளிடம்.

நடந்தது சாதாரண விஷயம்தான். காற்றில்லாத தெளிந்த இரவில் தரையை ஒட்டிய குளிர்காற்று கனமாகி, பள்ளத்தில் போய்த் தேங்கும். விதுரா மலைக்குக் கீழே கிண்ணம் மாதிரியான இடம். அந்தக் கிண்ணத்தில் குளிர் நிரம்பும். காற்றடித்தால் மேலேயுள்ள வெதுவெதுப்பு வந்து கலந்துவிடும். காற்று உடம்பின் சூட்டைப் பறிப்பதால் ஆளுக்குக் குளிரும். பாட்டிலுக்குப் பறிக்கச் சூடு இல்லை. தோவாளையில் காற்றோடு வளர்ந்தவருக்குக் காற்றும் குளிரும் ஒன்றாகவே இருந்தது. ஸ்ரீலட்சுமி இதை அவரிடம் சொல்லிக்காட்டவில்லை. ஆதர்ஷ் சொன்னான்.

"விண்ட் சில்னு பேருப்பா அதுக்கு. ஃபீல் மட்டுந்தான். நெசமில்ல."

"நெசம் எது பொய் எதுன்னு நீ எனக்குச் சொல்லித்தாறியா?" என்றார் அவர். அதை அவர் சொன்ன விதத்தில் பேச்சு காற்றைப் பற்றியதாக இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் மேகம் விலகியது. சாயங்காலம் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. காற்று நின்றது. அறிக்கையில் வறண்ட வானிலை, மலையடிவாரத்தில் அதிகாலை மூடுபனி என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி மீட்டிங். ஜிஜி போனில், "செக்ரட்டரி காலையிலெ கடெக்கு வருவாரு. பாத்துட்டு மீட்டிங்குக்குப் போவாரு. நீங்களும் வாங்க," என்றாள்.

இந்த முறை அப்பாவும் ஸ்ரீலட்சுமியும் செல்வின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆதர்ஷ் பின்னால் காலிக் கிரேட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு வந்தான். முன்னால் இடம் இருக்கிறது என்று ஸ்ரீலட்சுமி சொன்னாள். "வேண்டாம், இங்கயே கொள்ளாம்," என்றான்.

சுள்ளிமானூர் தாண்டியதும் பனி வந்தது. ரோட்டின் ஏற்றத்தில் தெளிவாக இருந்தது, இறக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பனி கிடந்தது. செல்வின் வைப்பரைப் போட்டான்.

"மழையே இல்ல, கண்ணாடி நனையுது," என்றார் பகவதிப்பெருமாள்.

"பனிக்குள்ள ஓட்டுகோம்லா அண்ணாச்சி. மேகம் தரையில எறங்குனா பனி. இன்னிக்கு நாம மேகத்துக்குள்ளதான் போறோம். டிக்கெட் இல்லாத பிளேன்."

"ரோட்டைப் பாத்து ஓட்டு பைலட்டே."

தொளிக்கோடு வந்தபோது ஸ்ரீலட்சுமி கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். கை சில்லிட்டது. புல்லில் பனித்துளி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. "இன்னிக்கு ஒறையும்பா," என்றாள். அவருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் முகம் இறுகியிருந்தது. இன்றைக்கும் உறையாவிட்டால் வானிலைமேல் பழிபோட முடியாது.

ஜிஜியின் கடையில் ஒரு பக்கம் பலசரக்கு, மறுபக்கம் சாயாவும் தோசையும். அவள் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு தோசைக்கல்லின் முன் நின்றாள். பேசாமல் ஷெல்ஃபைக் காட்டினாள். மூன்று மில்களின் எண்ணெய் மெழுகு மாதிரி வெள்ளையாக நின்றது. பெருமாள் மில் பாட்டில்கள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன. லேபிளின் பின்பக்க எழுத்தை எண்ணெய் வழியாக வாசிக்கலாம்.

பகவதிப்பெருமாள் ஒரு பாட்டிலை எடுத்தார். சாய்த்தார். எண்ணெய் குலுங்கியது. இரண்டு கண்ணாடி கிளாஸ் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து, இரண்டிலும் ஊற்றினார். முகர்ந்தார். கையில் தேய்த்து மறுபடி முகர்ந்தார். தேங்காய் வாசனைதான் இருந்தது. ஆனால் கிளாஸில் தண்ணீர் மாதிரி நின்றது.

கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எவன்கிட்ட வாங்கிச் சேத்தே?" என்றார் பகவதிப்பெருமாள். குரல் உயரவில்லை. மகனிடம்தான் கேட்டார்.

ஆதர்ஷ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். "என்னது?"

"எவன்கிட்டன்னு கேக்கேன். ஒத்துக்கிட்டா தீந்துது. அப்பன்கிட்ட சொல்லுகதுக்கு என்ன. விலை ஏறிக்கெடக்கு, ஒரு புத்தி மோசம், செரி. எவ்வளவு சேத்தே, அதெச் சொல்லு."

"அப்பா," என்றாள் ஸ்ரீலட்சுமி.

"நீ மிண்டாதே. எண்ணெ கண்ணு முன்னால நிக்குது. இவன் மாத்திரம்தான் அந்த அறைக்குள்ள போறவன்."

ஆதர்ஷ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுத்துச் சொல்வான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் செல்வினிடம் திரும்பி, "எப்பம் திரும்பப் போறோம்?" என்று கேட்டான்.

செல்வின் டயரைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டான். ஜிஜி அவசரமில்லாமல் தோசை ஊற்றினாள். கல்லுக்கு எண்ணெய் போடத் தன் பரணி ஜாடியில் கரண்டியை விட்டாள். பரணியில் எண்ணெய் கல்லாக இருந்தது, விளிம்பில்தான் கொஞ்சம் சுரண்ட முடிந்தது. போதாமல், கை போன போக்கில், பக்கத்திலிருந்த கிளாஸில் கரண்டியை முக்கி எடுத்துக் கல்லில் விட்டாள். "அண்ணா இதெ வீட்டிலெ வெச்சுக் கேட்டிருக்கலாம்," என்றாள் தோசையைப் பார்த்தபடி. "என் கடெயிலெ வேண்டியதில்லெ."

ஸ்ரீலட்சுமிக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேஜையில் இரண்டு கிளாஸ்கள். ஜிஜி கரண்டி விட்ட கிளாஸில் ஒரு வெள்ளைத் துணுக்கு மிதந்தது. பரணியிலிருந்து கரண்டியோடு வந்தது. அதைச் சுற்றி எண்ணெய் லேசாகக் கலங்கியிருந்தது. அவள் குனிந்தாள். துணுக்கிலிருந்து மெல்லிய நூல்கள் கிளம்பி இருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தாள். நூல்கள் தடித்தன. மற்ற கிளாஸ் அப்படியே தெளிவாக இருந்தது.

"இங்க பாருங்கோ," என்றாள்.

யாரும் உடனே வரவில்லை. முதலில் ஜிஜி வந்தாள். தோசை தீய்ந்தது. சாயா குடித்தவர்கள் வந்தார்கள். கிளாஸின் மேல்பாதி வெளுத்து, வெள்ளை கீழே இறங்கிக்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல்.

"எப்படி இது?" என்றாள் ஜிஜி. "நான் ஒண்ணும் போடலெ."

"போட்டீங்க. ஒங்க பரணி எண்ணெயில ஒரு பொட்டு." ஸ்ரீலட்சுமி ஒரு ஈர்க்கிலை எடுத்துப் பரணியில் குத்தி, ஒரு புதிய பாட்டிலைத் திறந்து, அதற்குள் விட்டு எடுத்தாள். பக்கத்தில் திறக்காத பாட்டில் ஒன்றை வைத்தாள். இன்னொரு தோசை வார்த்துத் தின்று முடிக்கும் நேரத்தில், ஈர்க்கில் பட்ட பாட்டில் கழுத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது. மற்றது இல்லை.

"பாமாயில் பாக்கெட் இருக்கா?"

ஜிஜி எடுத்துக் கொடுத்தாள். ஒரு கிளாஸில் ஊற்றி, அதே ஈர்க்கிலை விட்டார்கள். வெள்ளைப் பொட்டு மிதந்தது. வளரவில்லை.

விஷயம் என்ன என்பதை ஸ்ரீலட்சுமி அங்கேயே, கொஞ்சம் திணறி, யோசித்து யோசித்துச் சொன்னாள். குளிர்ந்தால் மட்டும் போதாது. உறைவதற்கு எண்ணெய்க்கு ஒரு தொடக்கம் வேண்டும். ஒரு கசடு, ஒரு தூசி, பழைய எண்ணெயின் ஒரு பொட்டு. மற்ற மில்காரர்கள் எண்ணெயில் அடியில் கொஞ்சம் கசடு கிடக்கிறது. வீட்டுத் தூக்குகளை யாரும் கழுவிக் காயவைத்து எண்ணெய் வாங்குவதில்லை; எண்ணெய்ப் பாத்திரம் முழுதாகக் காலியாகக் கூடாது என்று அடியில் கொஞ்சம் விட்டுவைத்து, அதன்மேல்தான் ஊற்றுவார்கள். அதனால் இத்தனை வருஷம் பெருமாள் மில் எண்ணெய் எல்லா வீட்டிலும் உறைந்தது. இப்போது புதிய ஃபில்டர், புதிய பாட்டில், சூட்டோடு நிரப்புவது. தொடங்குவதற்கு உள்ளே ஒன்றுமில்லை.

"அதாவது, சுத்தம் கூடிப்போச்சு," என்றான் செல்வின்.

"அப்படியாக்கும்னு நெனைக்கேன்," என்றாள் அவள்.

பகவதிப்பெருமாள் கிளாஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். வெண்ணெய் மாதிரி அசைந்து, விழாமல் நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு வண்டியிருந்த பக்கம் பார்த்தார். ஆதர்ஷ் அங்கே இல்லை. ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தான்.

செக்ரட்டரி வந்தார். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில் ரூட்டில் ஓடியவராதலால் தமிழ் பேசுவதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஈர்க்கிலிலே என்னமோ தேச்சிட்டிங்க," என்றார். அவரே வெளியே போய் ஒரு விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கில் ஒடித்துக் கழுவிக்கொண்டு வந்தார். அவர் கையாலேயே பாட்டில் தேர்ந்தெடுத்தார், அவரே குத்தினார். போனை நிமிர்த்தி வைத்து வீடியோ எடுத்தார். பாட்டில் வெளுக்கும்வரை இரண்டு சாயா குடித்தார்.

"எனக்கு வயசு அறுபத்தெட்டு," என்றார் கடைசியில். "இது தெரியாமே இத்தனை வருஷம் தலையிலே தேச்சிருக்கேன்."

வெயில் வந்ததும் பனி மலைப்பக்கம் ஒதுங்கி மேலேறியது. பகவதிப்பெருமாள் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனார். மகனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஒறஞ்சிட்டு," என்றார்.

"ஆங்."

"அந்தச் செக்ரட்டரி நல்ல மனுசன். வீடியோல்லாம் எடுத்தாரு."

"ம்."

"தோசை தின்னியா? ஜிஜி சூடா ஊத்துகா."

"பசிக்கல."

"வண்டியிலெ வா. பஸ்ஸுக்கு நிக்காண்டாம்."

"கிழக்கேகோட்டை பஸ் இப்பம் வரும்."

"நான் என்ன நெனச்சேன்னா மக்கா..." என்று தொடங்கினார். பஸ் வளைவில் தெரிந்தது. ஆதர்ஷ் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீங்க நெனச்சதெ நீங்க சொல்லியாச்சுப்பா," என்றான். ஏறிக்கொண்டான்.

அந்த வருஷம் உத்ஸவ அன்னதானத்துக்கு எண்ணெய் பெருமாள் மில்லிலிருந்து போனது. ஜிஜி பாட்டில்களைத் திரும்பக் கொடுக்கவில்லை. இப்போது பாலோடு, ஆரியநாடு கடைகளிலும் கிடைக்கின்றன. ஃபில்டர் அறை வேலையை ஸ்ரீலட்சுமி காலையில் ஆபீஸ் போவதற்கு முன்னால் செய்கிறாள். ஆதர்ஷ் பிப்ரவரியில் நகரத்துக்கு வடக்கே கழக்கூட்டத்தில் ஒரு பார்சல் கம்பெனியின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். தங்குவதும் அங்கேதான்.